பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்? சம்பளத்திலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

2025 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம், எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தனியார் கல்லூரியின் கட்டண விவரத் தாள். ஹாஸ்டலோடு சேர்த்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு 3,60,000. “சார், லோன் போட்டுச் சேர்த்துவிட்டா, பாப்பா வேலைக்குப் போய் அதைக் கட்டிடுமா?” என்று கேட்டார்.

மருந்துக் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில், அதாவது கியூ.சி.யில், எனக்கு 19 வருட வேலை. கடைசி எட்டு வருடமாக ஃப்ரெஷர்களை நேர்காணல் செய்யும் மேசையிலும் உட்காருகிறேன். கெமிஸ்ட்ரி படித்தவருக்கு முதல் மாதம் என்ன சம்பளம் வரும் என்பதை அன்றாடம் பார்க்கிறவன். இருந்தும் அவர் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கைத்தான் யாருக்கும் பொருந்துகிற மாதிரி விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு கட்டணத்திலிருந்து தொடங்குகிறது. கல்லூரி இவ்வளவு கேட்கிறது, கையில் இவ்வளவு இருக்கிறது, மீதிக்கு லோன். வேலைக்குப் போன பிறகுதான் சம்பளத்தை அந்தக் கடனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் தலைகீழாகப் போடுங்கள். முதலில் சம்பளம், அதிலிருந்து தவணை, தவணையிலிருந்து கடன், கடைசியில் கல்லூரி.

படி 1: கைக்கு எவ்வளவு வரும்?

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவரை எடுக்கும் இடங்கள் தமிழ்நாட்டிலும் பக்கத்திலும் நிறையவே உண்டு. ஆலத்தூர், ஓசூர், புதுச்சேரிப் பக்கம் மருந்துக் கம்பெனிகள், மணலியில் பெட்ரோகெமிக்கல், கடலூர் சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகள், ராணிப்பேட்டை ஆம்பூர் பகுதியில் தோல், திருப்பூரில் சாய ஆலைகளின் லேப், அரியலூரில் சிமென்ட், ஊருக்கு ஊர் தண்ணீர், உணவுப் பரிசோதனைக் கூடங்கள். இங்கே கிடைக்காதவர்கள் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறுகிறார்கள். ஜீடிமெட்லா, பாஷமைலாரம் பக்கம் மருந்தின் மூலப்பொருளைத் தயாரிக்கும் பல்க் டிரக் கம்பெனிகளில் தமிழ்ப் பிள்ளைகளை எந்த ஷிப்டிலும் பார்க்கலாம்.

ஆனால் ஃப்ரெஷருக்கான முதல் சம்பளம் சிறியது. வருடத்துக்கு 2,40,000 சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை, என்றால் சுமாரான, நம்பத்தக்க ஆஃபர் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதை 12-ஆல் வகுத்து மாதம் 20,000 வரும் என்று அப்பாக்கள் சந்தோஷப்படுகிறார்கள். அந்த 20,000 உடைவதைப் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் 11,000, மற்ற படிகள் 6,500, ஆக மொத்தச் சம்பளம் 17,500. மீதி 2,500-க்குள் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,320, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 569, கிராஜுவிட்டிக்கு என ஒதுக்கும் 529 எல்லாம் அடங்கிவிடும். இந்த மூன்றும் உங்களுக்காக ஒதுக்குவதுதான், ஆனால் மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. பிறகு 17,500-லிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 131 பிடிப்பார்கள். வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 16,000. கம்பெனி பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொகை வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி, நீங்கள் சேர நினைக்கும் அதே கல்லூரியில் இரண்டு வருடத்துக்கு முன் முடித்த மூன்று பேரைப் பிடித்துப் பேசுவது. ‘பேக்கேஜ் என்ன’ என்று கேட்காதீர்கள். ‘முதல் மாசம் அக்கவுன்ட்ல எவ்வளவு விழுந்தது, இப்ப எவ்வளவு விழுது’ என்று கேளுங்கள். மூன்று பேரில் குறைவாகச் சொன்னவரின் தொகையை நோட்டில் எழுதுங்கள். கல்லூரி விளம்பரத்தில் பார்க்கும் பெரிய எண் பெரும்பாலும் ஒரே ஒரு மாணவருடையது, அதுவும் பல நேரம் கெமிஸ்ட்ரிக்குச் சம்பந்தமில்லாத ஐ.டி. அல்லது வங்கி வேலைக்கானது.

படி 2: மாதக் கடைசியில் மிஞ்சுவது

வெளியூரில் வேலை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் ஒருவர் பங்கு 3,500, சாப்பாடு 4,500, போக்குவரத்து, போன், சோப்பு, மாத்திரை 1,500. மொத்தம் 9,500. கையில் நிற்பது 6,500. இதில்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும், ஒரு பல் வலி வந்தால் பார்க்க வேண்டும். எனவே மிச்சத்தில் பாதியை மட்டுமே தவணைக்கு ஒதுக்கலாம் என்பது என் முடிவு. 3,250 ரூபாய். வங்கிக்காரர் இதைவிடப் பெரிய தொகைக்கும் சம்மதிப்பார். ஆனால் மாதம் பிறந்து பத்தாம் தேதியே நண்பரிடம் கைமாற்று கேட்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் ஆய்வகத்திலேயே அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் வேலை கிடைக்கும் என்றால் கணக்கு மாறும். வீட்டுக்கு 5,000, சொந்தச் செலவு 1,500 போக 9,500 நிற்கும். பாதி 4,750. ராணிப்பேட்டையிலோ ஓசூரிலோ வீடு இருப்பவருக்கும் தொழிற்சாலையே இல்லாத வட்டத்தில் வீடு இருப்பவருக்கும் இந்த ஒரு வித்தியாசமே பெரிது.

படி 3: கடன் எப்படி வளர்கிறது?

இந்தப் படிதான் பலருக்குத் தெரியாமல் போகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிக்கும் காலமும் படித்து முடித்த பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. மொரட்டோரியம் என்பார்கள். தவணை கிடையாதே தவிர வட்டி உண்டு. முதல் கட்டணம் வங்கியிலிருந்து கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்தக் காலத்தில் தனி வட்டிதான். மொரட்டோரியம் முடியும் நாளில் சேர்ந்த வட்டி முழுவதையும் அசலோடு சேர்த்து, அந்தப் பெரிய தொகைக்குத் தவணை போடுவார்கள். அதன் பிறகு நீங்கள் கட்டுவது வட்டிக்கும் சேர்த்து வட்டி.

தையல்காரர் கொண்டுவந்த தாளையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக 10 சதவீத வட்டி. முதல் வருடத்தின் 1,20,000-க்கு நான்கு வருட வட்டி 48,000. இரண்டாம் வருடத்தின் 1,20,000-க்கு மூன்று வருட வட்டி 36,000. மூன்றாம் வருடத்தினதுக்கு இரண்டு வருடம், 24,000. மொத்தம் 1,08,000. ஆக, வாங்கியது 3,60,000 என்றாலும் முதல் தவணை நாளில் கடன் 4,68,000 ஆகிவிடுகிறது. சுருக்கமாக நினைவில் வைக்க, வாங்கும் தொகையை 1.3-ஆல் பெருக்குங்கள். மூன்று வருடப் படிப்புக்கு 10 சதவீத வட்டியில் இது சரியாக வரும்.

தவணைக்கு ஒரு லட்சத்துக்கு என்ன என்று தெரிந்தால் போதும். 10 சதவீதத்தில், 5 வருடம் என்றால் மாதம் 2,125. 7 வருடம் 1,660. 10 வருடம் 1,322. 15 வருடம் 1,075.

4,68,000-ஐ 7 வருடத்தில் கட்டினால் மாதம் 7,770. மொத்தம் கட்டுவது ஆறரை லட்சம். 15 வருடத்துக்கு நீட்டினால் மாதம் 5,030-ஆகக் குறையும், ஆனால் மொத்தம் 9 லட்சத்தைத் தாண்டும். 22 வயதுப் பெண்ணுக்கு 37 வயது வரை ஓடும் கடன் அது.

மாதம் மிஞ்சுவது 6,500, தவணை 7,770. இந்த இரண்டு எண்களையும் நான் நோட்டில் அடுத்தடுத்த வரியில் எழுதியதும் அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, இது பத்தாதுப்பா” என்றாள். அவர் கட்டணத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

படி 4: உங்கள் உச்சவரம்பு

இனி பின்னோக்கிப் போகலாம். வெளியூர் வேலை என்றால் தாங்கக்கூடிய தவணை 3,250. அதை ஒரு லட்சத்துக்கான 7 வருடத் தவணை 1,660-ஆல் வகுத்தால் சுமார் 1.96 லட்சம், அதாவது 1,96,000. அதுதான் முதல் தவணை நாளில் இருக்க வேண்டிய கடன். அதை 1.3-ஆல் வகுத்தால் ஒன்றரை லட்சம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வங்கியிடம் வாங்கக்கூடியது இவ்வளவுதான், வருடத்துக்கு 50,000. வீட்டிலிருந்து போய்வருபவருக்கு இதே கணக்கில் 2,20,000 வரை வரும்.

படிக்கும்போதும் அடுத்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் 1.3 என்ற பெருக்கல் மறைந்துவிடும். அப்போது அதே 3,250 தவணைக்கு 1,96,000 வரை வாங்கலாம். ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய்தான். பல பொதுத்துறை வங்கிகள் படிக்கும் காலத்தில் ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்திலும் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. பெண்களுக்கு அரை சதவீதம் குறைப்பதும் பல வங்கிகளில் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வருடத்தில் பட்டம் கையில் வரும் என்று வைத்துத்தான் இவ்வளவும். அரியர் விழுந்து ஒரு வருடம் தள்ளிப்போனால் வேலை தள்ளிப்போகும், மொரட்டோரியம் தானாகத் தள்ளிப்போகாது.

படி 5: வரம்புக்குள் அடங்கும் கல்லூரி

அரசு கலை அறிவியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. வருடக் கட்டணம் சில ஆயிரங்கள்தான், கடன் வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில், டி.என்.காசா தளம் வழியாக. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே தொடங்கிவிடும், நாளைத் தவறவிடாதீர்கள். அரசுக் கல்லூரி என்றால் இளக்காரமாகப் பார்க்கும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நேர்காணல் மேசையில் என் முன்னால் வருபவர் எந்தக் கல்லூரி என்று நான் பார்ப்பது கடைசியில்தான்.

அடுத்தது அரசு உதவிபெறும் கல்லூரி. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ், கெமிஸ்ட்ரி இரண்டு விதமாக நடக்கும். எய்டட் பிரிவு ஒன்று, செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு ஒன்று. பல இடங்களில் ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு என்பார்கள். பட்டம் அதேதான், கட்டணம் மட்டும் பல மடங்கு வேறு. எய்டட் பிரிவில் விண்ணப்பித்தீர்களா என்பதை ரசீதில் பார்த்து உறுதி செய்யுங்கள். முதல் பட்டியலில் பெயர் வராவிட்டாலும் காத்திருங்கள், பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் சில இடங்கள் காலியாகும்.

அவசரத்தில் தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, பிறகு அரசுக் கல்லூரியில் இடம் வந்ததும் கட்டிய பணம் போய்விடுமே என்று அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யு.ஜி.சி. 2018-இல் அறிவித்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் கழிக்கலாம். கடைசித் தேதிக்குப் பிறகும் 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. எழுத்தில் கேளுங்கள்.

உதவித்தொகைகளைக் கடனுக்கு முன்பே கணக்கில் எடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். தமிழ் வழியில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை.

கெமிஸ்ட்ரி மாதிரி அறிவியல் எடுப்பவர்களுக்கென்றே ஒன்று உண்டு, பலர் கேள்விப்படாமலே விட்டுவிடுகிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை. தங்கள் போர்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் மேலே உள்ள ஒரு சதவீதத்துக்குள் வந்து, கெமிஸ்ட்ரி போன்ற அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கானது. வருடத்துக்கு 80,000. அதில் 60,000 மாணவருக்கு, 20,000 கோடை விடுமுறை ஆய்வுத் திட்டத்துக்கு. இது கிடைத்தால் கடன் என்ற பேச்சே எழாது. ஆனால் பணம் வகுப்பு தொடங்கிப் பல மாதம் கழித்தே வரும், முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பாடத்தின் பெயரையும் பாருங்கள். அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி என்று பல பெயர்களில் பட்டங்கள் இருக்கின்றன. தனியார் கம்பெனிக்கு எல்லாம் ஒன்றுதான். அரசு வேலையில் ‘கெமிஸ்ட்ரிக்கு இணையானது’ என்ற அரசாணை கேட்பார்கள். சேரும் முன்பே கல்லூரியில் அந்த ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். அதேபோல் துணைப் பாடம். கல்பாக்கம், கூடங்குளம் போன்ற அணுசக்தி மையங்களில் பயிற்சியாளர் வேலைக்கு பி.எஸ்சி.யில் 60 சதவீதம் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்து சயன்டிஃபிக் அசிஸ்டென்ட் ஆனால் அடிப்படைச் சம்பளமே 35,400. ஆனால் கெமிஸ்ட்ரியோடு இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள் அறிவிக்கையில் இருக்கும். துணைப் பாடமாக விலங்கியல் எடுத்தவர் அங்கே தடுக்கப்படலாம். 17 வயதில் எதேச்சையாக எடுக்கும் இந்த முடிவு, 21 வயதில் சம்பளத்தை இரண்டு மடங்காக்கும் ஒரு வாசலைத் திறக்கவோ மூடவோ செய்கிறது.

படி 6: லாக் புக்கைப் பாருங்கள்

கூடுதல் கட்டணத்துக்கு நியாயம் ஒன்று இருக்கிறது என்றால் அது கருவிகளில் கைபழகும் நேரம்தான். கட்டடமோ ஏசி வகுப்பறையோ கணக்கில் சேராது.

போன வருடம் ஒரு பையன் நேர்காணலுக்கு வந்தான். மதிப்பெண் 84 சதவீதம். மருந்தில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் படம் போட்டு பாகங்களை அழகாகக் குறித்தான். “மொபைல் ஃபேஸ் தயாரிச்சிருக்கியாப்பா?” என்றேன். அந்தக் கருவிக்குள் ஓடவிடும் கரைசல் அது. “இல்ல சார், காலேஜ்ல மெஷின் இருக்கு, எங்களைத் தொட விட மாட்டாங்க” என்றான். அதே நாளில் ஒரு சின்ன ஊர் அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொருவன். மதிப்பெண் 67. கரைசலை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுவது, சோனிகேட்டரில் காற்று நீக்குவது, பேஸ்லைன் நேராகும் வரை ஓடவிட்டுக் காத்திருப்பது, ஸ்டாண்டர்டைத் திரும்பத் திரும்பச் செலுத்தி ஆர்.எஸ்.டி., அதாவது அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு, 2 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது என வரிசையாகச் சொன்னான். விடுமுறையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சம்பளமில்லாமல் ஒரு மாதம் வேலை பார்த்தவன். அவனை எடுத்தோம், அறிவித்ததைவிட 2,000 கூட்டியே கொடுத்தோம். முதல் பையனின் வீட்டார் மூன்று வருடத்துக்கு எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்று எனக்கு அன்று முழுவதும் மனசு உறுத்தியது.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவி பக்கத்திலும் ஒரு லாக் புக் இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் பதிவு, யார் பெயர் என்று பாருங்கள். பி.எஸ்சி. மாணவர் பெயர்கள் இருந்தால் நல்ல கல்லூரி. கடைசிப் பதிவு இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் அந்தக் கருவி ஆய்வுக் குழு வரும்போது காட்ட வைத்திருப்பது. காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

பிராக்டிகல் குறைவான கல்லூரியில் சேர்ந்துவிட்டாலும் வழி இருக்கிறது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி கேளுங்கள். முடித்த பிறகு, தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரென்டிஸ்ஷிப் வாரியத்தின் வழியாக ஒரு வருட அப்ரென்டிஸ் ஆகலாம், பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் இடம் உண்டு. உதவித்தொகை சிறியது. ஆனால் அந்த ஒரு வருடம் மொரட்டோரியத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் தவணைத் தொல்லை இருக்காது.

வேலையில் சேர்ந்தபின் முதல் மூன்று வருடத்தை வீணாக்காதீர்கள். மருந்துச் சட்ட விதிகளின்படி, கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாகப் படித்த பட்டதாரி, மருந்து உற்பத்தியில் மூன்று வருட அனுபவம் பெற்றால் உற்பத்தியை மேற்பார்வையிடும் தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளராகலாம். பேச்சு வழக்கில் ‘அப்ரூவ்டு கெமிஸ்ட்’. அந்த ஒப்புதல் கிடைத்தவரின் சம்பளம் அதுவரை ஏறியதைவிட வேகமாக ஏறும். கம்பெனி மாற்றும்போதெல்லாம் அனுபவச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 7: எம்.எஸ்சி. போகும் எண்ணம் இருந்தால்

இருந்தால் பி.எஸ்சி.க்கு இன்னும் குறைவாகவே கடன் வாங்குங்கள். வேலை இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. மேற்படிப்புக்காக மொரட்டோரியத்தை நீட்டித்துத் தரும்படி வங்கியில் எழுதிக் கேட்க வேண்டும். நீட்டினாலும் வட்டி நிற்காது. மேலே சொன்ன 3,60,000-க்கு இரண்டு வருடம் கூடுதல் வட்டி 72,000. முதல் தவணை நாளில் கடன் 5,40,000, 7 வருடத் தவணை 9,000-ஐ நெருங்கும்.

ஆனாலும் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. பல கதவுகளைத் திறக்கிறது. மருந்துக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகள் பெரும்பாலும் எம்.எஸ்சி.யைத்தான் கேட்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்குக் கெமிஸ்ட்ரி வழியாக வருபவர் முதுநிலை முடித்திருக்க வேண்டும். பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் வேண்டும். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் சேர்ந்தால் பல தனியார் கல்லூரிகளைவிடக் குறைந்த செலவில் படிக்கலாம். அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே. கடன் சிறியதாக இருந்தால் அதிலேயே அடைத்துவிடலாம். பெரிய கடனைத் தலையில் வைத்துக்கொண்டு இருப்பவர்தான் ‘முதலில் ஏதாவது வேலை’ என்று இந்தப் பாதையை விட்டுவிடுகிறார்.

படி 8: வங்கியில்

4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும், உங்கள் பங்கு என்று முன்பணமும் போட வேண்டியதில்லை. ‘உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை’ என்று திருப்பி அனுப்புவதும் கூடாது, ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வாய்வழியாக மறுத்தால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் மொரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்க வழியுண்டு. வருடத்துக்கு ஒரு லட்சம் பேர் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு. கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலரை லட்ச வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கான முழு வட்டி மானியம் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்குத்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு அது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தனியார் நிதி நிறுவனங்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். வட்டி எத்தனை, மொரட்டோரியம் உண்டா, தவணை அடுத்த மாதமே தொடங்குமா என்று மூன்றையும் பொதுத்துறை வங்கியோடு ஒப்பிட்ட பிறகு போங்கள்.

அனுமதித்த தொகை முழுவதையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒவ்வொரு வருடமும் தேவையானதை மட்டும் எடுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் பட்டியலில் போய்விடும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் மாணவர் பெயரோடு கூட்டாகக் கையெழுத்திட்ட அப்பாவின் பெயரும் கெடும். கட்ட முடியாத மாதம் வருவதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள்.

தையல்காரர் மகள் அந்த ஹாஸ்டல் கல்லூரியில் சேரவில்லை. பஸ்ஸில் 40 நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியின் எய்டட் பிரிவுக்குப் போட்ட விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டது. அதே கல்லூரியின் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில், கட்டணம், தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 30,000-க்குச் சேர்ந்தாள். மூன்று வருடத்துக்கு 90,000 கடன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் தொகை மாதம் 1,000 வருகிறது. முதல் வருடம் மாத வட்டி 250, இரண்டாம் வருடம் 500, மூன்றாம் வருடம் 750. மூன்றையும் அந்த ஆயிரத்திலிருந்தே கட்டிவிடலாம். படிப்பு முடிந்த பிறகு வரும் ஒரு வருடத்தின் மாத வட்டி 750-ஐயும் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டால், வட்டி சேராமல் முதல் தவணை நாளிலும் கடன் 90,000-ஆகவே நிற்கும், 7 வருடத்துக்கு மாதம் 1,500. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘2029 ஜூலை, முதல் தவணை’ என்று அவளே எழுதி, சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.